மல்குஸின் காது

"இது கிறிஸ்டியன் கேம், தாத்தா. நீங்க பயப்படாதீங்க" என்றான் பேரன்.

2006 டிசம்பர். நியூஜெர்சியில் மகன் வீட்டில் ஆறு மாதம் இருந்துவிட்டு வரலாம் என்று போயிருந்தேன். பையனுக்கு 13 வயது. பள்ளிக்கூடம் விட்டு வந்தால் கம்ப்யூட்டர்தான். துப்பாக்கி விளையாட்டு எதுவும் வீட்டுக்குள் வரக்கூடாது என்று மருமகள் கறாராகச் சொல்லி வைத்திருந்தாள். இந்த ஒன்றுக்கு மட்டும் விலக்கு. சர்ச்சில் வாலிபர் கூட்டம் நடத்துகிறவரே கிறிஸ்துமஸ் பரிசாகக் கொடுத்த சி.டி. ஆயிற்றே!

நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன். திரையில் நியூயார்க் நகரம், பருந்து பார்ப்பதுபோல மேலிருந்து தெரிந்தது. தெருவெல்லாம் எறும்பாக ஆட்கள். பேரன் ஒருவனை அனுப்பி வழியில் போகிறவர்களுக்குச் சுவிசேஷம் சொல்ல வைத்தான். மனந்திரும்பியவர்கள் அவன் பக்கம் சேர்ந்தார்கள். அவர்களைப் பழக்கி வைத்தியராக்கலாம், பாட்டுக்காரராக்கலாம், சிப்பாயாக்கலாம். எதிர்ப்பக்கம் அந்திக்கிறிஸ்துவின் படை. கொஞ்ச நேரத்தில் சண்டை மூண்டது. சுட்டான். நாலைந்து பேர் விழுந்தார்கள். ரத்தம் காட்டவில்லை. அதில் கவனமாக இருந்திருக்கிறார்கள். ஆனால் சுட்டவனுடைய 'ஆவி' அளவு இறங்கிவிட்டது. அப்படி ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். ரொம்ப இறங்கினால் அவன் நம் பக்கத்தை விட்டுப் போய்விடுவானாம்.

"அப்போ என்ன செய்வே?"

"ஜெபம் பண்ண வைக்கணும், தாத்தா."

பொத்தானை அமுக்கினான். அளவு ஏறியது. மறுபடியும் சுடப் புறப்பட்டார்கள்.

துப்பாக்கியைப் பார்த்து நான் அதிரவில்லை. வீரப்பாவும் நம்பியாரும் கத்தியைச் சுழற்றியதைத் தரை டிக்கெட்டில் விசிலடித்துப் பார்த்து வளர்ந்தவன் நான். என்னைத் தூக்கிவாரிப் போட்டது அந்தப் பொத்தான். என் அம்மாவின் இரண்டு முழங்காலிலும் கறுப்பாகக் காய்ப்பு இருக்கும். சாணம் மெழுகிய தரையில் அறுபது வருஷம் முழங்கால் போட்டதில் வந்தது. அவள் கேட்டதில் பாதி கிடைக்கவில்லை. ஜெபம் என்றால் கிடைக்காததோடு மல்லுக்கட்டுவது என்றுதான் அவளைப் பார்த்து நான் படித்தேன். இங்கே அது பெட்ரோல் பங்கில் டாங்க் நிரப்புகிற சமாசாரமாக இருந்தது.

"செத்தவன் யாருடா?" என்று கேட்டேன்.

"எனிமி."

"அவன் பேரு?"

"எனிமி பேரெல்லாம் யாரு பாப்பா, தாத்தா?" என்று சிரித்தான். கெட்ட பையன் அல்ல. இரவு குடும்ப ஜெபத்தில் சங்கீதம் வாசிக்கிறவன் அவன்தான்.

அந்த விளையாட்டின் பெயர் 'லெஃப்ட் பிஹைண்ட்: எட்டர்னல் ஃபோர்சஸ்'. அந்த நவம்பரில்தான் வெளிவந்திருந்தது. டிம் லஹே என்ற போதகரும் ஜெர்ரி ஜென்கின்ஸ் என்ற எழுத்தாளரும் 1995 முதல் எழுதிய நாவல் வரிசைதான் அதற்கு மூலம். மொத்தம் 16 புத்தகங்கள், ஆறு கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றவை. கதை இதுதான்: விசுவாசிகள் எல்லாரும் ஒரு நொடியில் வானத்துக்கு எடுத்துக்கொள்ளப்படுகிறார்கள். மிச்சப்பட்டவர்களில் சிலர் மனந்திரும்பி 'உபத்திரவப் படை' என்று திரள்கிறார்கள். உலகத்தை ஆளும் அந்திக்கிறிஸ்துவை எதிர்க்கிறார்கள். அவனுடைய ஆட்களுக்குப் பெயர் அமைதிப்படை. யாழ்ப்பாணத்து வாசகர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நிமிர்ந்து உட்காரலாம்.

இந்தப் பயம் எனக்குப் புதிது அல்ல. நம் பக்கத்தில் இதை 'இரகசிய வருகை' என்பார்கள். எனக்கு எட்டு வயது இருக்கும்போது ஊரில் கன்வென்ஷன் பந்தல் போட்டிருந்தார்கள். பெட்ரோமாக்ஸ் விளக்கடியில் நின்று பிரசங்கியார் முழங்கினார்: ஒரே படுக்கையில் இருவர், ஒருவர் எடுபடுவார், ஒருவர் கைவிடப்படுவார். அன்று விடியற்காலம் விழிப்பு வந்து பார்த்தால் பாயில் அம்மாவைக் காணோம். தங்கச்சியையும் காணோம். முடிந்தது, வருகை வந்துவிட்டது, நான் போன வாரம் திருடிய கொய்யாக்காய்க்காக விட்டுவிட்டுப் போய்விட்டார்கள் என்று முடிவுகட்டி, குரல்கூட வராமல் உட்கார்ந்திருந்தேன். அம்மா தொழுவத்தில் பால் கறந்துகொண்டிருந்தாள். தங்கச்சி அவள் முதுகில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள்.

ஜான் நெல்சன் டார்பி என்ற பிரிட்டிஷ் போதகர் 1830களில் வகுத்துப் பரப்பிய போதனை இது. அமெரிக்காவில் வேரோடி, கன்வென்ஷன் பந்தல்வரை வந்து என்னையும் நடுங்க வைத்தது. சரியா தப்பா என்று வழக்காட எனக்கு ஆசையில்லை. பயந்தவன் கையில் துப்பாக்கி கொடுத்தால் பயம் சந்தோஷமாக மாறிவிடுகிறது என்பதை மட்டும் பேரன் முகத்தில் பார்த்தேன். கைவிடப்பட்டவன்தான் இந்த விளையாட்டின் கதாநாயகன். எட்டு வயதில் இது என் கையில் கிடைத்திருந்தால் நானும் விட்டிருக்க மாட்டேன்.

அந்த டிசம்பரிலேயே அமெரிக்காவில் பெரிய ரகளை. வால்மார்ட் கடைகளில் இதை விற்கக்கூடாது என்று சில அமைப்புகள் மனுக் கொடுத்தன. கொடுத்தவர்களில் கிறிஸ்தவர்களும் இருந்தார்கள். கடை விற்பதை நிறுத்தவில்லை. ஜாக் தாம்ப்சன் என்று ஒரு மியாமி வழக்கறிஞர் இருந்தார். வன்முறை வீடியோ விளையாட்டுகளுக்கு எதிராக வருஷக்கணக்கில் வழக்குப் போட்டு, சண்டைக்காரர் என்று பேர் வாங்கியவர், பழமைப்பற்றுள்ள கிறிஸ்தவர். நாவல்களை வெளியிட்ட டின்டேல் நிறுவனம்தான் அவருடைய புத்தகத்தையும் வெளியிட்டது. இந்த விளையாட்டுக்காக அதனோடு உறவை முறித்துக்கொண்டார். தன் புத்தகம் போட்ட பதிப்பாளரைப் பகைத்துக்கொள்ள எத்தனை எழுத்தாளர்களுக்குத் துணிச்சல் வரும் என்று எனக்குத் தெரியும்.

2007இல் இன்னொன்று நடந்தது. ஈராக்கில் இருந்த அமெரிக்கச் சிப்பாய்களுக்கு அனுப்பும் பொட்டலத்தில் இந்த விளையாட்டையும் வைக்க ஒரு கிறிஸ்தவ அமைப்பு ஏற்பாடு செய்தது. செய்தி வெளியே வந்ததும் அந்த ஏற்பாடு கைவிடப்பட்டது. நிஜத் துப்பாக்கியோடு நிஜத் தெருவில், வேறு மதத்து மக்கள் நடுவில் நிற்கிறவனுக்கு, மனந்திரும்பாதவனைச் சுடும் விளையாட்டு. யோசித்தவர்கள் நல்லெண்ணத்தோடுதான் யோசித்திருப்பார்கள். அதுதான் எனக்கு அதிகப் பயம்.

விளையாட்டை உண்டாக்கியவர்கள் பக்கத்தையும் சொல்ல வேண்டும். கொல்வதற்கு இதில் தண்டனை உண்டு, ஆவி அளவு குறைகிறது, சுடுவதைவிட மனந்திருப்புவதுதான் நல்ல ஆட்டம் என்று அவர்கள் வாதாடினார்கள். பொய் இல்லை. அன்றைக்கு வேறு எத்தனை துப்பாக்கி விளையாட்டில் கொன்றவனுக்குக் குற்றவுணர்ச்சி வைத்திருந்தார்கள்? ஆனால் அந்தக் குற்றவுணர்ச்சி ஒரு அமுக்கில் தீர்ந்துபோகிறதே. அதற்கு அது இல்லாமலே இருந்திருக்கலாம். தவிர, இணையத்தில் நாலு பேர் சேர்ந்து விளையாடும்போது யாராவது எதிர்ப்படையாக நிற்க வேண்டுமே? அந்திக்கிறிஸ்துவின் பக்கம் நின்று விசுவாசிகளை வீழ்த்தவும் வழி வைத்திருந்தார்கள். வியாபாரத்தில் அதெல்லாம் பார்க்க முடியாது.

கிறிஸ்தவ விளையாட்டு என்றாலே இப்படித்தான் என்று நினைக்க வேண்டாம். 1994இல் 'சூப்பர் 3டி நோவாஸ் ஆர்க்' என்று ஒன்று வந்தது. நாசிகளைச் சுட்டுத் தள்ளுகிற 'வுல்ஃபென்ஸ்டீன் 3டி' விளையாட்டின் எந்திரத்தை வாங்கி, நாசிகளுக்குப் பதிலாக ஆடுமாடுகளை நிறுத்திவிட்டார்கள். நீங்கள்தான் நோவா. பேழைக்குள் முரண்டு பிடிக்கிற மிருகங்கள்மேல் கவண் வைத்துத் தீனியை எறிய வேண்டும். தின்றதும் தூங்கிவிடும். பேரன் இதைச் சொன்னபோது வயிறு வலிக்கச் சிரித்தேன். சோறு போட்டுத் தூங்கவைப்பது நம் கல்யாண வீடுகளில் வழிவழியாக நடக்கிற காரியம். சிரித்து முடித்தபின் தோன்றியது, இரண்டில் இதுதான் வேதத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது.

"அப்ப பைபிள்ல சண்டையே இல்லையா?" என்று பேரன் கேட்டான். நல்ல கேள்வி. இல்லை என்று சொன்னால் பொய். யோசுவாவின் புத்தகத்தில் பட்டணம் பட்டணமாக அழிகிறது. வெளிப்படுத்தின விசேஷத்தில் குதிரைகளின் கடிவாளம்வரை ரத்தம் ஏறுகிறது. பவுல் எபேசியருக்கு எழுதும்போது கவசம், தலைச்சீரா, கேடகம், பட்டயம் என்று ஒரு சிப்பாயை முழுசாகவே உடுத்தி நிறுத்துகிறார். (எங்கள் பழைய மொழிபெயர்ப்பில் வாளுக்குப் பட்டயம் என்றுதான் இருக்கும். பாலிடெக்னிக் முடித்த ஒரு பையன், "எனக்கு ஆவியின் பட்டயம் எப்போ தருவாங்க?" என்று ஞாயிறு பள்ளியில் என்னைக் கேட்டிருக்கிறான்.) ஆனால் அத்தனை ஆயுதத்தையும் எடுத்து வைக்கும் முன்னாலேயே, நம் போராட்டம் மனிதர்களோடு அல்ல என்று அவர் சொல்லிவிடுகிறார். அந்த ஒரு வரியைத் தாண்டிக் குதித்துவிட்டுக் கவசத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறவர்கள் எல்லாக் காலத்திலும் இருந்திருக்கிறார்கள்.

வெளிப்படுத்தின விசேஷத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்தாம் அதிகாரத்தில் சிங்கம் ஜெயித்துவிட்டது என்று யோவானுக்கு அறிவிப்பு வருகிறது. திரும்பிப் பார்க்கிறார். அங்கே நிற்பது அடிக்கப்பட்ட ஆட்டுக்குட்டி. பத்தொன்பதாம் அதிகாரத்தில் வெள்ளைக் குதிரைமேல் வருகிறவருக்குப் பட்டயம் கையில் இல்லை, வாயிலிருந்து புறப்படுகிறது. வாயிலிருந்து வருவது சொல். விளையாட்டுச் செய்தவர்கள் இந்தப் புத்தகத்தைப் படிக்காமல் இருந்திருக்க முடியாது. சிங்கம் என்று கேட்டவுடன் எழுந்து போய்விட்டார்கள் போலிருக்கிறது. திரும்பிப் பார்க்கவில்லை.

இயேசுவைப் பிடிக்க வந்த இரவில் நிஜமாகவே ஒரு பட்டயம் உருவப்பட்டது. நாலு சுவிசேஷத்திலும் அது உண்டு. பிரதான ஆசாரியனுடைய வேலைக்காரனின் காதை வெட்டினார்கள். வெட்டியவன் பேதுரு என்று சொல்வது யோவான் மட்டும். காதைத் தொட்டுச் சுகமாக்கினார் என்று எழுதியவர் லூக்கா மட்டும். அவர் வைத்தியர் அல்லவா, அது அவர் கண்ணுக்குத்தான் தப்பாது. ஆனால் நான் பல வருஷம் கவனிக்காமலே வாசித்துப்போன இடம் ஒன்று உண்டு. அந்த வேலைக்காரன் பெயர் மல்குஸ் என்றும் யோவான் எழுதி வைத்திருக்கிறார். பிடிக்க வந்த கும்பலில் ஒரு ஆள். அடிமை. எனிமி. அவன் பெயர் எதற்கு? கதைக்குத் தேவையே இல்லை. ஆனாலும் இருக்கிறது. சிலுவைக்கு முன் இயேசு கடைசியாகச் சுகமாக்கியது எதிராளியின் காதை. பேதுரு கையில் இருந்த வாளுக்கு நம் திரையில் எவ்வளவு புள்ளி கிடைத்திருக்கும்!

நாம் மட்டும் இன்றைக்குக் கெட்டுவிட்டோம் என்று புலம்புகிற கிழவன் அல்ல நான். இந்த நோய் பழையது. சுமார் 1800 வருஷத்துக்கு முன் கார்த்தேஜ் நகரத்தில் தெர்த்துல்லியன் என்ற கிறிஸ்தவ எழுத்தாளர் இருந்தார். ரோமர்களின் களியாட்டக் காட்சிகளுக்கு, மனிதனை மனிதன் வெட்டிச் சாய்ப்பதைப் பார்த்து ஆரவாரிக்கிற அரங்குகளுக்கு, விசுவாசி போகக்கூடாது என்று ஒரு நூலே எழுதினார். வாதமெல்லாம் கூர்மை. ஆனால் கடைசிப் பக்கங்களில் என்ன செய்கிறார் தெரியுமா? இதைவிடப் பெரிய காட்சி ஒன்று வருகிறது என்கிறார். நியாயத்தீர்ப்பு நாளில் நம்மைத் துன்புறுத்திய ராஜாக்களும் அதிகாரிகளும் அக்கினியில் வேகுவார்கள், அன்றைக்கு நான் பார்த்துக் களிப்பேன் என்று உருகி உருகி எழுதுகிறார். அரங்கத்தின் வாசலைச் சாத்தியவரே, பரலோகத்தில் அதற்கு முதல் வரிசை டிக்கெட் எடுத்து வைத்துவிட்டார். பேரனுடைய சி.டி. அந்தக் கடைசிப் பக்கங்களிலிருந்துதான் கிளைத்தது என்று எனக்குப் படுகிறது.

அவருக்கு இருநூறு வருஷம் கழித்து அகஸ்தீன் தன் நண்பன் அலிப்பியுஸைப் பற்றி எழுதினார். ரோமில் கூட்டாளிகள் அலிப்பியுஸை அரங்கத்துக்கு இழுத்துக்கொண்டு போகிறார்கள். உடம்பைத்தானே கொண்டுபோவீர்கள், நான் கண்ணை மூடிக்கொள்வேன் என்று போய் உட்காருகிறான். மூடியும் கொண்டான். காதை மூட மறந்துவிட்டான். யாரோ விழ, கூட்டம் கத்த, என்னவென்று கண்ணைத் திறந்தான். அவ்வளவுதான். வந்தவன் ஒருவன், திரும்பிப் போனவன் வேறொருவன். பிற்பாடு அவனே மற்றவர்களை இழுத்துக்கொண்டு வந்தான். இந்த அலிப்பியுஸ் பின்னால் பிஷப் ஆனார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். இப்படி விளையாடுகிறவன் எல்லாம் கொலைகாரன் ஆவான் என்று நான் சொல்லவில்லை. என் பேரன் இப்போது குழந்தைகள் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறான்.

2007இல் இங்கிலாந்திலும் ஒரு கூத்து. சோனி கம்பெனி முந்தின வருஷம் வெளியிட்ட 'ரெசிஸ்டன்ஸ்: ஃபால் ஆஃப் மேன்' விளையாட்டில் மான்செஸ்டர் கதீட்ரலை அச்சு அசலாகக் கட்டி, உள்ளே துப்பாக்கிச் சண்டை வைத்திருந்தார்கள். அப்போது துப்பாக்கிக் குற்றங்களால் அவதிப்பட்ட ஊர் அது. பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்கள் வந்து மெழுகுவர்த்தி ஏற்றிய கோயில். திருச்சபை கொதித்தது, பிரதமர் வரைக்கும் விஷயம் போனது. கடைசியில் சோனி மன்னிப்புக் கேட்டது. அப்போது அந்தக் கதீட்ரலின் தலைமைக் குருவாக இருந்தவர் தென்னாப்பிரிக்காவில் பிறந்த இந்திய வம்சாவளியினரான ரோஜர்ஸ் கோவெண்டர். கவுண்டர் என்ற நம் ஊர்ப் பெயர்தான் கடல் கடந்து கோவெண்டர் ஆனது.

அதே வருஷம் இலையுதிர் காலத்தில் 'ஹேலோ 3' வந்தது. 17 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு உகந்ததல்ல என்று முத்திரை குத்தப்பட்ட விளையாட்டு. அமெரிக்காவில் எத்தனையோ சர்ச்சுகள் அதை வாங்கி, வாலிபர்களைச் சேர்ப்பதற்காகக் கோயில் மண்டபத்திலேயே விளையாட வைத்தன. மீன் பிடிக்கத் தூண்டிலில் புழு வைப்பதில்லையா என்று கேட்டார்கள். கதீட்ரலின் படத்துக்குள் சுட்டால் அவமதிப்பு, சர்ச்சுக்குள் உட்கார்ந்து சுட்டால் ஊழியம். எனக்குப் புரிந்த மட்டில் கல்லுக் கட்டடத்துக்குக் கிடைக்கிற மரியாதை உள்ளே உட்கார்ந்திருக்கிற பிள்ளைக்குக் கிடைக்கவில்லை.

இதில் அப்போது தெரிந்திருந்ததையெல்லாம் மூச்சுவிடாமல் பேசினேன் பேரனிடம். அவன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நீங்க சண்டே ஸ்கூல் டீச்சர்தானே தாத்தா, டேவிட் கோலியாத் டிராமா போட்டீங்கன்னு அப்பா சொன்னாரே" என்றான்.

போட்டேன். அன்றைக்கு அவனிடம் பாதிதான் சொன்னேன்.

எனக்கு 26 வயது. ஞாயிறு பள்ளி ஆண்டு விழா. ஆங்கிலேய குரு ஒருவர் 1860களில் யார்க்‌ஷயரில் ஒரு கிராமத்துப் பிள்ளைகள் ஊர்வலமாகப் போகும்போது பாடுவதற்கென்று எழுதிய சிப்பாய்ப் பாட்டின் மெட்டை ஆர்மோனியத்தில் வாசித்துக்கொண்டே பிள்ளைகளை அட்டைக் கத்தியோடு மேடைக்கு நடக்க வைத்தேன். வகுப்பிலேயே பருமனான, கறுத்த பையனைக் கோலியாத்து ஆக்கினேன். ஏன் அவனை என்று யாரும் கேட்கவில்லை, நானும் கேட்டுக்கொள்ளவில்லை. தாவீதுக்குப் பஞ்சுருண்டை கொடுத்திருந்தேன். அவனோ நிஜம்போல இருக்கட்டும் என்று உள்ளே சரளைக்கல் வைத்துச் சுற்றியிருக்கிறான். கல் இடது புருவத்துக்கு மேலே பட்டது. கோலியாத்து விழுந்தான். ஒத்திகையில் சொல்லிக் கொடுத்ததைவிட நன்றாக விழுந்தான். ஜனங்கள் கைதட்டி ஆர்ப்பரித்தார்கள். அவன் நெற்றியைப் பொத்திக்கொண்டு விசும்பினான். நான் திரைமறைவிலிருந்து, "ஏலே, கோலியாத்து அழக்கூடாது, அப்படியே கிட" என்று அதட்டினேன். தாவீது அவன்மேல் கால் வைத்து அட்டைக் கத்தியை ஓங்கினான். குருவானவர் எழுந்து நின்று கைதட்டினார். பிறகு தலைகுனிந்து ஜெபம் செய்து விழாவை முடித்தோம்.

நாலு தையல் போட்டார்கள். அந்தப் பையன் அடுத்த ஞாயிறு வரவில்லை, அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. போய்ப் பார்க்க வேண்டும் என்று நினைத்தேன், போகவில்லை. அவன் பெயர் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. பிள்ளை குட்டிகளோடு இருக்கிறவன், இங்கே எழுத மாட்டேன்.

அமெரிக்காவிலிருந்து திரும்பிய பிறகு, கேட்டுக்குக் கொண்டி வாங்க டவுனில் ஒரு இரும்புக் கடைக்குப் போனேன். கல்லாவில் நரைத்த தலையோடு ஒரு பருத்த ஆள். என்னைப் பார்த்ததும் எழுந்துகொண்டார். புருவத்துக்கு மேலே வெள்ளைக் கோடாகத் தழும்பு. "சார், கோலியாத்து" என்றார். பையனை அனுப்பி டீ வாங்கி வரச் சொன்னார். நாற்பது வருஷமாகத் தொண்டையில் இருந்ததைச் சொல்ல வாயெடுத்தேன். "அன்னைக்கு உன்னை அழக்கூடாதுன்னு சொன்னேன்லா..." என்பதற்குமேல் வரவில்லை. அவர் தராசைப் பார்த்துக்கொண்டே, "ஆமா சார், சொன்னீங்க" என்றார்.

இரண்டு கொண்டி, கால் கிலோ ஆணி. பழைய வாத்தியார் என்று ஒரு ரூபாய்கூடக் குறைக்கவில்லை. எனக்கு அது சரியாகவே பட்டது.